வெட்டுமுன் ஒட்டு எடுங்கள்

பண்ருட்டிப் பக்கம் பலா மரத்துக்கு விலை பேச வருகிற வியாபாரி முதலில் அடிமரத்தின் சுற்றளவை அளக்கிறார். அடுத்து, கிளை பிரியும் இடம் வரை எத்தனை அடி என்று கணக்கிடுகிறார். உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார். வைரம் பாய்ந்த பலா மரத்துக்குக் கதவு, நிலை, கட்டில் என்று எந்நாளும் கிராக்கி உண்டு. தஞ்சாவூரில் வீணை செய்வோரும் பலா மரத்தைத்தான் நாடுகிறார்கள். விலை படிந்துவிட்டால் அன்று மாலைக்குள் மரம் வண்டியேறிவிடும்.

அந்த மரம் எந்த மாதத்தில் காய்க்கும், ஆண்டுக்கு எத்தனை பழம் தரும், சுளை எப்படி இருக்கும் என்று வியாபாரி கேட்பதில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. விற்பவரும் சொல்வதில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கிணற்றடி மரத்துப் பழம் மற்ற மரங்களுக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடும் என்பார்கள். மேற்கு வரப்பு மரத்துச் சுளை வெளியூருக்குக் கொண்டுபோனாலும் குழையாது என்பார்கள். கொல்லை மரத்தில் ஓர் ஆண்டுகூடக் காய்ப்பு நின்றதில்லை என்பார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுக் காலம் ஒரே மரத்தைப் பார்த்துச் சேர்த்த அறிவு இது. எந்த ஏட்டிலும் இது எழுதப்படவில்லை. மரம் போகும்போது இதுவும் உடன் போய்விடுகிறது.

மரத்தை விற்பது குற்றமன்று. திருமணச் செலவுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், கடனை அடைப்பதற்கும் கைகொடுக்கும் சேமிப்பாகவே நம் முன்னோர் மரம் வைத்தார்கள். வயதான மரத்தை விற்றுப் புதுக் கன்று வைப்பது நல்ல விவசாயமே. ஆனால் நல்ல குணமுள்ள ஒரு விதை மரத்தை, அதிலிருந்து ஒட்டுக் குச்சி எதுவும் எடுக்காமல் வெட்டிச் சாய்ப்பது பெரும் பிழையாகும். அந்த இழப்பைப் பிறகு எவ்வளவு பணம் செலவிட்டாலும் ஈடுசெய்ய முடியாது. பழ மரங்களில் புதிய, உயர்ந்த வகைகளை உருவாக்கும் பணி அனைத்தும் இத்தகைய மரங்களை நம்பியே நடக்கிறது என்பதை உழவர்களும் அதிகாரிகளும் உணர்ந்தாக வேண்டும்.

நெல்லுக்கும் பலாவுக்கும் உள்ள வேறுபாடு

நெல் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஒரு நல்ல நெல் வகையின் தூய விதையை விதைத்தால் அதே குணமுள்ள பயிர்தான் வரும். பலா அப்படியன்று. பலாவில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றுகின்றன. பக்கத்து மரங்களின் மகரந்தமும் வந்து சேர்கிறது. இதனால் ஒரே பழத்திலிருந்து நூறு கொட்டைகளை எடுத்து நட்டாலும் நூறு விதமான மரங்களே கிடைக்கும். தாய் மரத்தில் வருக்கைச் சுளை இருக்கும். பிள்ளை மரத்தில் கூழைச் சுளை வரும். தாய் மரம் கொத்துக் கொத்தாய்க் காய்த்திருக்கும். பிள்ளை மரம் பத்துக் காயோடு நின்றுவிடும். எப்போதாவது ஒரு மரம் தாயையும் மிஞ்சிவிடும்.

மாவிலும் பெரும்பாலும் இதே நிலைதான். மேற்குக் கடற்கரைப் பகுதியில் காணப்படும் சில மா வகைகளில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பும். அவற்றுள் தாயின் திசுவிலிருந்தே தோன்றும் முளைகள் தாயைப் போலவே இருக்கும். ஆனால் நீலம், மல்கோவா, பங்கனபள்ளி போன்ற நமக்குப் பழக்கமான வகைகளின் கொட்டையில் ஒரே முளைதான். அது தாயை ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகையால்தான் இவ்வகைகளை ஒட்டுக் கட்டியே பெருக்குகிறோம்.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. நெல் விதையை நன்றாக உலர்த்திக் குளிர் அறையில் வைத்தால் பல்லாண்டு காலம் உயிரோடு இருக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பான்யோஸ் என்னும் இடத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இவ்வாறு பாதுகாக்கப்படுகின்றன. வயலில் அழிந்துபோன நெல் வகையைக்கூட அங்கிருந்து மீட்டெடுக்கலாம். பலாக் கொட்டைக்கும் மாங்கொட்டைக்கும் இந்த வழி பயன்படாது. உலர்த்தினால் முளை செத்துவிடும். ஈரத்தோடு வைத்தாலும் சில வாரங்களில் முளைப்புத் திறன் போய்விடும். அப்படியே முளைத்தாலும் அது தாய் மரமாக இருக்காது.

எனவே ஒரு விதை மரத்தின் குணத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த மரம் உயிரோடு நிற்க வேண்டும். அல்லது அதன் ஒட்டு வேறொரு வேரின் மேல் உயிரோடு இருக்க வேண்டும். வேறு எளிய வழி இல்லை.

பெயர் பெற்ற வகைகள் பிறந்த விதம்

உலகச் சந்தையில் இன்று பெயர் பெற்றிருக்கும் பல பழ வகைகள் ஆராய்ச்சி நிலையங்களில் திட்டமிட்டுப் பிறந்தவை அல்ல. யாரோ ஒருவருடைய தோட்டத்தில் தற்செயலாய் முளைத்து, யாரோ ஒருவரால் அடையாளம் காணப்பட்டவை.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு 1889-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து மா ஒட்டுக் கன்றுகள் அனுப்பப்பட்டன. 1894-95 குளிர்காலத்தில் கடும் உறைபனி விழுந்தது. அதைத் தாண்டி நிலைத்துக் காய்த்தது மல்கோவா என்ற பெயரில் சென்ற ஒரு மரம். அதன் கொட்டைகளைக் கேப்டன் ஜான் ஹேடன் என்பவர் 1902-ஆம் ஆண்டில் தம் தோட்டத்தில் நட்டார். மரங்கள் காய்க்கும் முன்பே அவர் காலமானார். அவருடைய மனைவி அந்தக் கன்றுகளைப் பேணி வளர்த்தார். 1910-ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று சிவப்பும் மஞ்சளும் கலந்த அழகிய பழங்களைத் தந்தது. அதுவே 'ஹேடன்' மா. இன்று உலக ஏற்றுமதியில் பெரும் இடம் வகிக்கும் 'டாமி அட்கின்ஸ்' உள்ளிட்ட ஃபுளோரிடா வகைகள் பல இந்த வழியில் வந்தவையே. அந்த அம்மையார் கன்றுகளைக் கவனியாமல் விட்டிருந்தால் இந்தப் பரம்பரையே தோன்றியிருக்காது.

கொடைக்கானல் கீழ்மலையில் விளையும் வெண்ணெய்ப் பழம் பலருக்குத் தெரியும். இப்பழத்தில் உலகெங்கும் பரவியுள்ள 'ஹாஸ்' வகையின் கதை இன்னும் வியப்பானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற அஞ்சல்காரர் 1920களில் வெண்ணெய்ப் பழக் கொட்டைகளை நட்டு, முளைத்த செடிகளில் வேறொரு வகையை ஒட்டுக் கட்ட முயன்றார். ஒரு செடியில் மட்டும் ஒட்டு பிடிக்கவில்லை. அச்செடி தன்போக்கில் வளர்ந்து காய்த்தது. தோல் கருத்த அந்தப் பழத்தின் சுவை வீட்டாருக்குப் பிடித்திருந்தது. 1935-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. அந்தத் தாய்மரம் 2002-ஆம் ஆண்டில் வேரழுகல் நோயால் இறந்துவிட்டது. ஆனால் அதன் ஒட்டுகள் பல நாடுகளில் தோப்புத் தோப்பாய் நிற்கின்றன. மரம் செத்தும் வகை வாழ்கிறது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. இன்று நாடெங்கும் பயிராகும் 'லக்னோ 49' கொய்யா, புனே அருகிலுள்ள கணேஷ்கிந்த் பழ ஆராய்ச்சிப் பண்ணையில் டாக்டர் சீமா அவர்கள் 1927-ஆம் ஆண்டில் விதைக் கன்றுகளிடையே தேர்ந்தெடுத்த ஒரே ஒரு செடியிலிருந்து வந்தது.

கலப்பினச் சேர்க்கையின் இடம்

இதனால் கலப்பினச் சேர்க்கை வேண்டாம் என்று பொருளன்று. புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1970களில் அளித்த மல்லிகா, அம்ரபாலி ஆகிய மா வகைகள் நீலத்தையும் தசேரியையும் இணைத்துப் பெற்றவை. கொங்கண் பகுதியில் வெங்குர்லா ஆராய்ச்சி நிலையம் நீலத்தையும் அல்போன்சாவையும் இணைத்து 1981-ஆம் ஆண்டில் 'ரத்னா'வை வெளியிட்டது. அல்போன்சாவின் சதையில் தோன்றும் பஞ்சு போன்ற கோளாறு ரத்னாவில் இல்லை. பெரியகுளத்தில் நீலத்தையும் சின்னசுவர்ணரேகாவையும் இணைத்து 'பி.கே.எம். 1' உருவாக்கப்பட்டது, நீலத்தையும் மல்கோவாவையும் இணைத்து 'பி.கே.எம். 2' உருவாக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை கலப்பினங்களிலும் நீலம் ஒரு பெற்றோராக நிற்கிறது. ஆண்டு தவறாமல் காய்க்கும் குணம் அதனிடம் இருந்ததே காரணம். அந்தக் குணத்தை எந்த விஞ்ஞானியும் உண்டாக்கவில்லை. தென்னாட்டுத் தோட்டம் ஒன்றில் கொட்டையிலிருந்து முளைத்த மரத்தில் அது இருந்தது. யாரோ ஓர் உழவர் அதைக் கண்டு ஒட்டுக் கட்டினார். அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவர் அன்று அதைச் செய்யாதிருந்தால் இந்தக் கலப்பினங்கள் எவையும் இன்று இல்லை. சேர்க்கை செய்பவருக்கும் சேர்ப்பதற்கு நல்ல மரம் வேண்டும்.

காலக் கணக்கையும் பார்ப்போம். மாவில் ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருந்தாலும் காயாக நிற்பவை ஒன்றிரண்டே. கையால் மகரந்தம் சேர்த்த பூக்களிலும் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். நின்ற காயிலும் ஒரே ஒரு கொட்டை. அதை நட்டுக் காய்க்க வைக்க 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். தேறியதை ஒட்டுக் கட்டிப் பல இடங்களில் நட்டு, பல பருவங்களின் காய்ப்பைப் பார்க்க மேலும் 8, 10 ஆண்டுகள் ஆகும். ஆக, ஒரு விஞ்ஞானியின் பணிக்காலத்தில் பாதி ஒரே வகையில் கழிந்துவிடும்.

இன்று மரபணு ஆய்வு வளர்ந்திருக்கிறது. மாவின் மரபணுத் தொகுதி 2020-ஆம் ஆண்டில் முழுமையாக வெளியிடப்பட்டது. இத்தகைய ஆய்வின் துணையால் வேண்டாத கன்றுகளை இளமையிலேயே கழித்துவிட வழி பிறக்கிறது. ஆனால் தேடுகிற குணம் ஏதேனும் ஒரு மரத்தில் இருந்தால்தான் தேட முடியும். மரமே இல்லையென்றால் எந்தக் கருவியும் உதவாது.

ஓர் ஊரில் ஐம்பது ஆண்டுகளாக நின்று, வறட்சியையும் மழையையும் நோயையும் தாங்கி, ஆண்டு தவறாமல் காய்க்கும் விதை மரமோ சோதனையின் பெரும்பகுதியைத் தானே முடித்துவிட்டது. அதை ஒட்டுக் கட்டிச் சரிபார்ப்பது ஒன்றே மிச்சம்.

தமிழகம் தரும் சான்றுகள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பாலூர் ஆராய்ச்சி நிலையம் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பி.எல்.ஆர். 1' பலா, பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து நாட்டு மரம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. வழக்கமான பருவத்தில் மட்டுமன்றிப் பருவமல்லாக் காலத்திலும் காய்ப்பது இதன் சிறப்பு. குமரி மாவட்டம் பேச்சிப்பாறை நிலையம் வெளியிட்ட 'பி.பி.ஐ. 1' பலாவும் முளகுமூடு பகுதி நாட்டுப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்ததே. 'பி.கே.எம். 1' புளி, பெரியகுளத்தை அடுத்த எண்டப்புளி ஊர் மரத்திலிருந்து வந்தது. இவை எல்லாம் ஏதோ ஓர் ஊரில் எவருடைய நிலத்திலோ நின்ற மரங்கள்.

அண்டை மாநிலத்து நிகழ்ச்சி ஒன்று நம் உழவர்களுக்கு நல்ல வழிகாட்டி. கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்துச் சேளூரில் ஓர் உழவரின் நிலத்தில் அவருடைய தந்தை வைத்த பலா மரம் ஒன்று இருந்தது. அதன் பழம் இரண்டரை கிலோ அளவுள்ள சிறிய பழம். சுளையோ செம்பு நிறம். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அதை ஆய்ந்து, உழவரோடு 2017-ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்தது. கன்றுகளுக்குத் தந்தையின் பெயரால் 'சித்து' என்று பெயரிடப்பட்டது. விற்பனை வருவாயில் 75 சதவீதம் உழவருக்கு என்று முடிவானது. ஒரு சிறு குடும்பம் ஒரே வேளையில் உண்டு முடிக்கக்கூடிய பழத்துக்குச் சந்தை இருக்கிறது என்பதை அந்த மரம் காட்டியது. பழம் சிறியது என்று முன்பே அதை வெட்டியிருந்தால் இந்த வருவாய் ஏது?

ஒரே இரவில் போனவை

மரம் கோடரியால் மட்டும் போவதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டிச் செம்மண் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வந்த கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையோடு மாவும் பலாவும் வீழ்ந்தன. அறுபது ஆண்டு நின்ற மரங்கள் விடிவதற்குள் விறகாயின. இழப்பீட்டுக் கணக்கில் மரம் ஒவ்வொன்றும் ஓர் எண். அந்த எண்ணுக்குள் எத்தனை நல்ல வகைகள் மறைந்தன என்று இனிச் சொல்ல இயலாது.

புயல் போன பின் உழவர்கள் புதுக் கன்று வைக்கிறார்கள். சாலை அகலமாகிறது, தோப்பு மனையாகிறது, பழைய விதை மரங்கள் இருந்த இடத்தில் ஒரே ஒட்டு வகை வரிசையாக நிற்கிறது. விளைச்சலுக்கும் விற்பனைக்கும் இது நல்லதே. ஆனால் எல்லா மரங்களும் ஒரே குணமுடையவையாக இருந்தால், ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும்.

வாழை மரமன்று என்றாலும் அதன் பாடம் இங்கே பொருந்தும். மத்திய அமெரிக்க ஏற்றுமதித் தோட்டங்களில் 'கிராஸ் மிஷேல்' என்ற ஒரே வகை வாழை பயிராயிற்று. பனாமா வாடல் நோய் பரவியதும் 1960களில் அதைக் கைவிட நேர்ந்தது. அதற்கு மாற்றாக வந்தது கேவண்டிஷ் வகை. நம் உழவர்கள் பயிரிடும் ஜி-9 அந்த இனத்தைச் சேர்ந்ததே. இப்போது வாடல் நோயின் புதிய இனம் கேவண்டிஷையும் தாக்குகிறது. 2019-இல் அது கொலம்பியாவை எட்டியது. நம் பழனிக் கீழ்மலை விருப்பாட்சி வாழை முடிக்கொத்து நோயால் பட்ட பாடு திண்டுக்கல் மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாற்று வகைகள் கையில் இருப்பவருக்கே இத்தகைய வேளையில் பிழைப்பு உண்டு.

எழும் ஐயங்கள்

"பழைய மரங்களை எல்லாம் வைத்துக்கொண்டு வருமானத்துக்கு எங்கே போவது?" என்று உழவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா மரங்களையும் காக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நூறு விதை மரங்களில் தொண்ணூறு சாதாரணமானவையாகவே இருக்கும். ஊரார் ஒரு மனதாய்ச் சிறந்தது என்று சொல்லும் இரண்டு, மூன்று மரங்களே கருத்துக்குரியவை. அவற்றையும் வெட்டலாம். வெட்டுவதற்கு முன் ஒட்டு எடுத்தால் போதும். அதற்குத் தேவை ஒரு பருவமும் பத்துக் கன்றுகளுமே.

"ஒரு மரம் நன்றாகக் காய்த்தால் அது வகையின் குணம் என்று எப்படிச் சொல்வது?" என்று விஞ்ஞானிகள் கேட்பர். இதுவும் சரியே. எருக்குழி அருகிலோ, கிணற்று வாய்க்கால் ஓரத்திலோ நிற்கும் மரம் இடத்தின் வளத்தால் நன்கு காய்க்கலாம். ஆகையால்தான் ஒட்டுக் கட்டி வேறு மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் அதே சுளை, அதே பருவம், அதே காய்ப்பு என்றால் அது வகையின் குணம். காய்ப்பு குறைந்தால் அது இடத்தின் குணம். சோதனைக்குப் பின்னர் தள்ளுபடி செய்வதில் தவறில்லை. சோதிக்கும் முன்பே இழந்துவிடுவதுதான் தவறு.

உழவர் செய்ய வேண்டியவை

முதலில், நல்ல மரத்தைப் பற்றிய விவரங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எந்த மாதம் பூக்கிறது, எந்த மாதம் பழம் வருகிறது, ஆண்டுக்குச் சுமார் எத்தனை காய், பழத்தின் எடை, சுளையின் எண்ணிக்கை, நிறம், தடிப்பு, இனிப்பு, சுளைகளுக்கு இடையிலுள்ள நாரின் அளவு, பழுத்த பின் எத்தனை நாள் தாங்குகிறது, பிஞ்சு அழுகல் வருகிறதா என்பவை முக்கியம். குறைந்தது மூன்று ஆண்டுக் குறிப்பு இருந்தால் மிகவும் நல்லது. மரத்தில் ஓர் எண் எழுதிய தகட்டைக் கட்டிவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் குழப்பம் இராது.

அடுத்தது ஒட்டுக் கட்டுதல். ஒட்டுக்கு அடியாக நிற்கும் விதைக் கன்றை வேர்ச்செடி என்பர். பாலிதீன் பைகளில் பலாக் கொட்டைகளை ஊன்றி வேர்ச்செடிகளை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். தாய் மரத்தின் நுனிக் கிளைகளில் 3 முதல் 4 மாத வயதுள்ள, பென்சில் பருமனுள்ள முதிர்ந்த குச்சிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கிள்ளிவிட்டால் நுனி மொட்டு பருத்து வரும். அந்தக் குச்சியை அதே பருமனுள்ள வேர்ச்செடியில் ஆப்பு முறையில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலமே இதற்கு ஏற்றது. நிழலில் வைத்து ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டின் கீழ் வேர்ச்செடியிலிருந்து வரும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். பலாவில் எல்லா ஒட்டும் பிடிப்பதில்லை. பத்துக் கன்று வேண்டுமானால் முப்பது கட்டுவது நல்லது.

மிக வயதான மரத்தில் நல்ல குச்சி கிடைக்காது. அதில் ஒரு கிளையை மட்டும் குறைத்து வெட்டிவிட்டால் புதுத் தளிர்கள் கிளம்பும். அவை முதிர்ந்த பின் ஒட்டுக்குப் பயன்படுத்தலாம். ஆகையால் மரத்தை விற்க எண்ணுபவர்கள் ஒரு பருவம் முன்பே இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

புயலில் சாய்ந்த மரமாயின் காலம் தாழ்த்தலாகாது. இலை வாடும் முன்பே குச்சிகளை வெட்டி, ஈரத் துணியிலோ வாழைப் பட்டையிலோ சுற்றி, அன்றே அருகிலுள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணைக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டு சேர்க்க வேண்டும்.

கிடைத்த கன்றுகளை ஒரே இடத்தில் நடாமல், இரண்டை வீட்டில் வைத்து, இரண்டை உறவினர் நிலத்தில் வைத்து, மீதியை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுப்பது அறிவுடைமை. பலா ஒட்டுக்கு 8 மீட்டர் இடைவெளி தேவை. விதைக் கன்று காய்க்க 7, 8 ஆண்டுகள் ஆகும். ஒட்டுக் கன்றோ 3 முதல் 5 ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும்.

அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியவை

உழவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒவ்வோர் ஊரிலும் சிறந்த விதை மரங்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலர்கள் பழப் பருவத்தில் ஊர்ப் பெரியவர்களையும், தோப்புக் குத்தகை எடுப்போரையும், பழக் கடைக்காரர்களையும் கேட்டாலே பட்டியல் கிடைத்துவிடும். எந்த மரத்துப் பழம் முதலில் விலை போகிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பழக் கண்காட்சிகளில் நாட்டு விதை மரப் பழங்களுக்குத் தனிப் போட்டி நடத்திப் பரிசளித்தால் உழவர்களே தேடிக்கொண்டு வருவார்கள். பரிசு பெற்ற மரத்திலிருந்து அதே ஆண்டில் ஒட்டு எடுக்கப்படுவதும் அவசியம்.

மரத்தின் உரிமையாளருக்குப் பங்கு கிடைக்க வேண்டும். பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. உழவர் கண்டெடுத்துக் காத்த வகையை அவர் பெயரிலேயே பதிவு செய்ய அதில் இடமுண்டு. விண்ணப்பம் எழுதுவதும், பண்புகளை அளந்து விவரிப்பதும் சிற்றூர் உழவரால் தனியே ஆகிற காரியமன்று. பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் இதைத் தங்கள் கடமையாக ஏற்றுச் செய்து தர வேண்டும். வெளியிடும் வகைக்கு எண்ணோடு ஊரின் பெயரையும் சேர்த்தால் அந்த ஊருக்கே பெருமை உண்டாகும். தம் மரத்தால் தமக்குப் பயனுண்டு என்று தெரிந்தால், எந்த உழவரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டமாட்டார்.

நாற்றுப் பண்ணைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எந்தத் தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டு என்ற குறிப்பு இல்லாமல் கன்று விற்பனைக்கு வரக் கூடாது. நெல் விதை பொய்த்தால் உழவருக்கு ஒரு பருவம்தான் நட்டம். பலாக் கன்று பொய்த்தால் ஐந்து ஆண்டு உழைப்பும், அந்த நிலமும் வீணாகிவிடும். குறிப்பு இல்லாத கன்றை உழவர்கள் வாங்க மறுத்தால் நிலைமை தானே சீர்ப்படும்.

அடுத்த பலாப் பருவம் வரும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலை செய்யலாம். வீட்டிலுள்ள மூத்தவரை உட்கார வைத்து, இந்த ஊரில் சிறந்த பழம் எந்த மரத்தில் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்று போய்ப் பார்க்கலாம். நின்றால் அந்த மழைக்காலத்திலேயே அதிலிருந்து ஒட்டுக் கட்டிவிட வேண்டும். அதன் பின் வியாபாரி அளவு நாடாவோடு வந்தாலும், புயல் வந்தாலும், அந்தப் பழம் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும்.